ஓடிக்கொண்டிருக்கும் கடல்நீர்த் தொட்டியில் ஆழ்மணல் படுக்கை அமைக்க முழுமையான வழிகாட்டி

மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட்டைக் குறைக்க 10 முதல் 15 செ.மீ. ஆழத்துக்குப் போடும் நுண்மணல்தான் ஆழ்மணல் படுக்கை. காலியான புதுத் தொட்டியில் அதைப் போடுவது சுலபம். மணலைப் பரப்பி, உப்புநீர் நிரப்பி, காத்திருந்தால் போதும். மீனும் பவளமும் ஏற்கெனவே வாழும் தொட்டியில் அதே வேலையைச் செய்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: புது மணலின் அடியில் எதையாவது புதைத்துவிடுகிறார்கள். பழைய மணலில் தேங்கிய கழிவு, அதில் வாழும் புழுக்கள், பாறையின் கீழ்ப்பகுதி என எது புதைந்தாலும் அழுகும். அழுகினால் அம்மோனியா ஏறும், ஆக்சிஜன் இறங்கும். கீழே உள்ள படிகளின் வரிசை அதைத் தவிர்ப்பதற்காகவே அமைந்தது. வரிசையை மாற்ற வேண்டாம்.

1. ஆழம் ஏன், யாருக்கு வேண்டும்

நுண்மணலில் மேல் 2 செ.மீ. அளவுக்குத்தான் ஆக்சிஜன் நன்றாக இறங்கும். அதற்குக் கீழே வாழும் பாக்டீரியா, ஆக்சிஜன் கிடைக்காததால் நைட்ரேட்டிலிருந்து அதை எடுத்துக்கொண்டு நைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். இந்த அடிப்பகுதிக்குப் போதிய தடிமன் கிடைக்க மொத்தம் 10 முதல் 15 செ.மீ. ஆழம் வேண்டும். 5 அல்லது 6 செ.மீ. போட்டு நிறுத்துவது இரண்டுங்கெட்டான் நிலை. நைட்ரேட்டைக் குறைக்க அந்த ஆழம் போதாது, சைஃபனால் (தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றும் குழாயால்) சுத்தம் செய்யவோ அது அதிகம்.

தொட்டி ஓடத் தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து பூஜ்யமாக இருக்க வேண்டும். தீனியைக் குறைத்து, ஸ்கிம்மரை (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவியை) சரிசெய்து, ஒழுங்காகத் தண்ணீர் மாற்றிய பிறகும் நைட்ரேட் இறங்கவில்லை என்றால் ஆழ்மணல் உதவும். பாஸ்பேட் மட்டும்தான் சிக்கல் என்றால் இதில் இறங்காதீர்கள். மணல் படுக்கை பாஸ்பேட்டை வாயுவாக்கி வெளியேற்றாது. கொஞ்ச காலம் பிடித்துவைத்துப் பிறகு திருப்பிக் கொடுக்கும்.

தொட்டியின் உயரம் 50 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால், பவளத்துக்கும் மீனுக்கும் மிஞ்சும் இடம் மிகவும் குறுகிவிடும். அப்படிப்பட்டவர்கள் சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த துணைத்தொட்டியில்) ஒரு தனி அறையிலோ, சம்ப்போடு இணைத்த மூடியுள்ள வாளியிலோ படுக்கையை அமைக்கலாம். மணலுக்கு மேலே தண்ணீர் விறுவிறுவென்று ஓட வேண்டும், உள்ளே வெளிச்சம் படக்கூடாது. இந்த வழியில் பழைய மணலைத் தொடவே வேண்டியதில்லை. அதனால் 5, 6, 8, 9 ஆகிய படிகள் உங்களுக்குத் தேவைப்படாது. இரண்டு வழிக்கும் இடம் இருந்தால் என் பரிந்துரை சம்ப்தான். ஏதாவது கோளாறு என்றால் அதை மட்டும் கழற்றிவிடலாம்.

2. மணலைத் தேர்ந்தெடுத்தல்

சர்க்கரைப் பரல் அளவுள்ள அரகோனைட் (கால்சியம் கார்பனேட்) மணல் வேண்டும். பரல் 0.2 முதல் 1 மி.மீ.க்குள் இருக்கட்டும். எல்லாம் ஒரே அளவாக இல்லாமல் கலந்திருந்தால் இன்னும் நல்லது. பரல் பெரிதானால் இடைவெளி வழியாக ஆக்சிஜன் ஆழமாக இறங்கிவிடும், கழிவும் உள்ளே போய் அடைந்துகொள்ளும். நொறுக்கிய பவளத்தூள் இந்த வேலைக்கு உதவாது.

மூட்டையை வாங்கியதும் இரண்டு சோதனை செய்யுங்கள். ஒரு சிட்டிகை மணலில் வினிகர் விட்டால் நுரைக்க வேண்டும். நுரைக்காவிட்டால் அது குவார்ட்ஸ் மணல். பிறகு ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மணலுக்குள் துழாவுங்கள். கருந்துகள் ஒட்டி வந்தால் அந்த மூட்டையைத் தொட்டியில் போடாதீர்கள்.

கடற்கரையில் அள்ளிய மணல் வேண்டாம். அதில் எண்ணெய், உலோகம், சாக்கடை என என்ன கலந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

3. அளவுக் கணக்கு

நீளம் × அகலம் × சேர்க்க வேண்டிய ஆழம், எல்லாம் செ.மீ.யில். அதை 1000-ஆல் வகுத்தால் மணலின் கொள்ளளவு லிட்டரில் கிடைக்கும். அதை 1.5-ஆல் பெருக்கினால் காய்ந்த மணலின் எடை ஏறக்குறைய கிலோவில் கிடைக்கும்.

120 × 45 செ.மீ. தொட்டியில் ஏற்கெனவே 3 செ.மீ. மணல் இருக்கிறது, 12 செ.மீ. வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சேர்க்க வேண்டியது 9 செ.மீ. 120 × 45 × 9 = 48,600. அதாவது சுமார் 49 லிட்டர், 73 கிலோ. மணல் கொஞ்சம் அமுங்கும் என்பதால் 10 சதவீதம் கூடுதலாக வாங்குங்கள்.

இந்த 73 கிலோவும் அப்படியே ஸ்டாண்டின்மேல் ஏறாது. ஒரு கிலோ அரகோனைட் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிட்டர் தண்ணீரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 25 லிட்டர் தண்ணீர் வெளியே போவதால் நிகரமாக ஏறுவது 47, 48 கிலோ. உங்கள் ஸ்டாண்ட் அதைத் தாங்குமா என்று மூட்டை வாங்கும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மொத்தத் தண்ணீரும் அதே 25 லிட்டர் குறைகிறது. கால்சியம், காரத்தன்மைக் கரைசல், மருந்து என எதையெல்லாம் லிட்டர் கணக்கில் ஊற்றுகிறீர்களோ, அதையெல்லாம் புதிய கொள்ளளவுக்கு மாற்றி எழுதி தொட்டியருகில் ஒட்டிவையுங்கள். பலர் இதை மறந்து, மாதக்கணக்கில் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

4. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

- தொட்டியின் கொள்ளளவில் 30 சதவீதம் கலந்துவைத்த உப்புநீர். அடர்த்தி 1.025 அல்லது உங்கள் தொட்டியில் உள்ள அளவு, அதே வெப்பநிலை.
- அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பாஸ்பேட், காரத்தன்மை சோதனைக் கருவிகள்.
- 2 அங்குல பிவிசி குழாய், தொட்டியின் உயரத்தைவிட ஒரு சாண் நீளமாக. அதன் வாயில் பொருந்தும் புனல்.
- பாறையைத் தூக்கி நிறுத்த பிவிசி குழாய்த் துண்டுகள்.
- 12 முதல் 16 மி.மீ. விட்டமுள்ள சைஃபன் குழாய்.
- வடிகட்டிப் பஞ்சு, புதிய ஆக்டிவேட்டட் கார்பன், பவளத்தின்மேல் படியும் மணலை ஊதிவிட ஒரு பீச்சான்.
- பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப்.

காற்றுப் பம்ப் வேலை நடக்கும் அன்றைக்கு மட்டுமல்ல. ஆழ்மணலில் பாக்டீரியா ஏராளமாக இருக்கும், அவையும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மின்சாரம் போனால் இத்தகைய தொட்டி மற்றவற்றைவிடச் சீக்கிரம் மூச்சுத் திணறும்.

5. பழைய மணலை முடிவுசெய்தல்

அவசரப்படுபவர்கள் தாண்டிப் போகும் படி இது. பின்னால் வரும் பெரிய சேதங்களும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

ஒளி ஊடுருவும் குறுகிய குழாயை மணலில் கண்ணாடித் தரை வரை செங்குத்தாகக் குத்தி, மேல்வாயை விரலால் அடைத்து மெதுவாக உருவுங்கள். பாறைக்குப் பின்னால், முன்பக்கம், மூலை என மூன்று நான்கு இடங்களில் இப்படி எடுத்துப் பாருங்கள்.

வெள்ளையாக, மணமில்லாமல், பரல் நுண்ணியதாக இருந்தால் பழைய மணலை அப்படியே விடலாம். அதிலுள்ள புழுக்களும் சிற்றுயிர்களும் புதுப் படுக்கைக்கு வித்து.

பழுப்புக் கழிவு கலங்கி வந்தாலோ, கருத்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலோ அந்த மணல் வெளியேற வேண்டும். அதன்மேல் 9 செ.மீ. புது மணல் போட்டால் கழிவு மறையாது, ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சிறைப்பட்டு மெல்ல மெல்லக் கசியும். பழையது பெரும்பரல் மணலாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். நுண்மணல் அதன் இடுக்குகளில் இறங்கிவிட, பெரும்பரல் காலப்போக்கில் மேலே வந்து நிற்கும்.

அகற்றும் முறை இதுதான். தரையை நான்கு பாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு பாகம், தண்ணீர் மாற்றும்போது சைஃபன் குழாயால் மணலோடு சேர்த்து உறிஞ்சி வாளியில் விடுங்கள். கையால் அள்ள வேண்டாம், கழிவு முழுவதும் தொட்டிக்குள் பரவிவிடும். தொடங்கும் முன் ஹீட்டரை அணையுங்கள், நீர்மட்டம் இறங்கிச் சூடான ஹீட்டர் வெளியே தெரிந்தால் வெடிக்கும்.

ஒரே நாளில் முழுவதையும் எடுத்தால் என்ன? தொட்டியின் பாக்டீரியாவில் ஒரு பங்கு மணலில்தான் இருக்கிறது. அது ஒரேயடியாகப் போய்விட்டால் பாறையில் உள்ளவை பெருகி ஈடுகட்டும் வரை அம்மோனியா ஏறும். வாரத்துக்கு ஒரு பாகம் என்றால் அந்த அவகாசம் கிடைக்கிறது. அடுத்த பாகத்துக்குப் போகும் முன் அம்மோனியா பூஜ்யமாக இருப்பதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

வாளியில் விழுந்த மணலில் மேல்பரப்பு சுத்தமாக இருந்தால், அதிலிருந்து இரண்டு கோப்பை எடுத்து ஓடும் உப்புநீரில் வைத்திருங்கள். பத்தாம் படியில் வேண்டும்.

6. பாறையை உயர்த்துதல்

பாறை மணலின்மேல் நிற்கக்கூடாது. குழி பறிக்கும் மீனும் இறாலும் அடியில் தோண்டினால் மொத்த அடுக்கும் சரியும், கண்ணாடியும் விரிசல் விடலாம். எடை முழுவதும் கண்ணாடித் தரையில்தான் இறங்க வேண்டும்.

பாறை ஏற்கெனவே தரையில் நின்றாலும் வேலை முடிந்துவிடவில்லை. கீழ் 12 செ.மீ. மணலில் புதையும். அந்தப் பகுதியில் உள்ள ஸ்பாஞ்சும் மற்ற உயிர்களும் செத்து அழுகும், பாறை பிடித்துக்கொள்ளும் இடத்தில் மணலும் இல்லாமல் போகும். எனவே பிவிசி குழாயை இறுதி மணல் ஆழத்தைவிட 1 செ.மீ. குறைவான உயரத்தில் துண்டுகளாக வெட்டி, பக்கங்களில் துளைகள் போட்டு, கால்களாக நிறுத்துங்கள். துளைகள் இருந்தால் குழாய்க்குள்ளும் மணல் நிரம்பி நீர் தேங்காது. ஒவ்வொரு அடிப்பாறைக்கும் மூன்று கால்கள் வேண்டும். இரண்டில் நிறுத்தினால் ஆடும்.

கையால் அசைத்துப் பார்த்து, சிறிதும் ஆடாவிட்டால் மட்டும் அடுத்த பாறையை ஏற்றுங்கள். பவளம் ஒட்டிய பாறை விளக்குக்கு 10 செ.மீ. நெருக்கமாகிறது என்பதையும் கவனியுங்கள். ஒளியின் அளவை முதல் இரண்டு வாரம் குறைத்துவைத்துப் பிறகு ஏற்றலாம்.

இந்த வேலைக்குப் பிறகு ஒரு வாரம் தொட்டியைத் தொடாதீர்கள்.

7. மணலைக் கழுவி ஊறவைத்தல்

காய்ந்த மணலைத் தண்ணீரில் போட்டால் பரல்களுக்கு இடையே காற்று சிக்கிக்கொள்ளும். பின்னர் குமிழியாக வெடித்து மேலெழும்பும்போது தொட்டியைத் திரும்பவும் கலக்கும்.

ஒரு அடுக்குக்கு வேண்டிய மணலை மட்டும் எடுத்து, இரண்டு மூன்று முறை அலசி வெண்மையான கலங்கலை வடியுங்கள். தண்ணீர் பளிங்கு போலத் தெளியும் வரை கழுவ வேண்டியதில்லை. மிக நுண்ணிய துகள்கள் படுக்கைக்கு நல்லவை. கடைசி அலசலுக்குக் குளோரின் இல்லாத ஆர்ஓ தண்ணீர் வேண்டும். பிறகு மணல் மூழ்கும் அளவு உப்புநீர் ஊற்றி ஒரு இரவு ஊறவிடுங்கள். உயிருள்ள மணல் என்று ஈரமாக அடைத்து வரும் பொட்டலங்களைக் கழுவக்கூடாது.

8. முதல் அடுக்கு

ஒரு தடவைக்கு 1.5 செ.மீ. மட்டும். புழுக்களும் சிற்றுயிர்களும் அந்தத் தடிமனைத் துளைத்து மேலே வந்துவிடும். 4, 5 செ.மீ. ஒன்றாகக் கொட்டினால் அடியிலேயே மாண்டுபோகும்.

மணல்மேல் வைத்திருக்கும் பவளங்களையும் சிப்பிகளையும் எடுத்துப் பாறைமேல் வையுங்கள். பவர்ஹெட் (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் பம்ப்), ரிட்டர்ன் பம்ப் (சம்ப்பிலிருந்து தண்ணீரைத் திருப்பி அனுப்புவது), ஸ்கிம்மர், ஹீட்டர் எல்லாவற்றையும் அணையுங்கள். நுண்துகள் பம்ப்பின் சுழலியில் புகுந்தால் தேய்த்துவிடும். காற்றுக் கல்லை மட்டும் நீர்மட்டத்துக்கு அருகில் ஓடவிடுங்கள்.

தண்ணீரை முன்கூட்டியே எடுக்க வேண்டும். ஊறிய மணல் தன்னுள் இருக்கும் தண்ணீரோடு வருவதால், மணலின் முழுக் கொள்ளளவுக்கு எடுங்கள். நம் எடுத்துக்காட்டில் தரை முழுவதும் 1.5 செ.மீ. போட்டால் 8 லிட்டர். காட்சித் தொட்டியில் நீர்மட்டம் வழிந்தோடும் வாயால் நிலையாக இருக்கும், அதனால் பிழை அங்கே தெரியாது. மிகுதி முழுவதும் சம்ப்பில் சேரும், மின்சாரம் போகும் இரவில் சம்ப் வழியும். தண்ணீர் மிகுந்திருந்தால் தானியங்கி நன்னீர் நிரப்பியும் ஊற்றாமல் நிற்கும், உப்பு மெல்ல ஏறும்.

இனி குழாயைத் தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் பிடித்து, புனலில் ஒரு குவளை மணல் போடுங்கள். மணல் குழாய்க்குள்ளேயே இறங்கித் தரையில் பரவும். குழாயை நகர்த்திக்கொண்டே அடுத்த குவளை. மேலிருந்து கொட்டினால் பவளம் முழுவதும் மணல் படியும், தொட்டி பால் வெள்ளையாகும்.

தரையில் மூன்றில் ஒரு பங்கை இந்த முறை வெறுமனே விடுங்கள். மேலே வர முடியாத உயிர்கள் பக்கவாட்டில் ஊர்ந்து அங்கே சேரும். அடுத்த முறை அந்தப் பங்கை மூடி வேறொரு பங்கைத் திறந்துவிடலாம்.

முடிந்ததும் ஒரு மணி நேரம் பொறுத்து, வடிகட்டிப் பஞ்சு வைத்து ரிட்டர்ன் பம்ப்பை ஓட்டுங்கள், ஹீட்டரையும் போடுங்கள். பவர்ஹெட்டை மணலிலிருந்து விலக்கி மேல்நோக்கித் திருப்பிய பிறகே இயக்க வேண்டும். பவளத்தின்மேல் படிந்ததைப் பீச்சானால் ஊதிவிடுங்கள். கலங்கல் ஒன்றிரண்டு நாளில் தெளியும். பஞ்சைத் தினமும் மாற்றுங்கள்.

9. அடுத்த அடுக்குகள்

அடுக்குக்கு அடுக்கு 10 முதல் 14 நாள் இடைவெளி. 9 செ.மீ.க்கு ஆறு அடுக்கு என்றால் இரண்டு மாதம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். இதைச் சுருக்க வழியில்லை.

ஒவ்வொரு அடுக்குக்குப் பின்னும் 1, 3, 7-ஆம் நாள்களில் அம்மோனியா பாருங்கள். 0.25 பி.பி.எம். தொட்டால் 20 சதவீதம் தண்ணீர் மாற்றி, பூஜ்யத்துக்கு வந்து ஒரு வாரம் ஆன பிறகே அடுத்த அடுக்கு. காரத்தன்மையும் பார்க்க வேண்டும். புது அரகோனைட் பரப்பில் கால்சியம் கார்பனேட் படிவதால் அது சிறிது இறங்கக்கூடும். பாஸ்பேட்டும் மணலில் ஒட்டிக்கொண்டு குறைவாகக் காட்டும். இதைப் பார்த்து, பாஸ்பேட் வடிகட்டியை நிறுத்திவிட வேண்டாம்.

முன்பக்கக் கண்ணாடியில் மணல் மட்டம் வரை வெளிப்புறம் கறுப்புப் பட்டை ஒட்டுங்கள். வெளிச்சம் பட்டால் கண்ணாடியை ஒட்டிய மணலில் பாசி படரும்.

10. உயிர் சேர்த்தல்

உயிரில்லாத படுக்கை சில மாதங்களில் இறுகிப்போகும். புழுக்கள் துளைப்பதால்தான் நைட்ரேட் கலந்த தண்ணீர் மெதுவாகக் கீழே இறங்குகிறது.

கடைசி அடுக்குக்கு ஒரு வாரம் கழித்து, எடுத்துவைத்த பழைய மணலைச் சிறு குவியல்களாக வையுங்கள். நோயில்லாத வேறு தொட்டிகளிலிருந்து கிடைக்கும் ஒரு கோப்பை மணலும் சேர்க்கலாம். எத்தனை தொட்டியிலிருந்து வருகிறதோ அத்தனை வகை உயிர் கிடைக்கும். பிரிசில் புழுக்கள், ஆம்பிபாட்கள், சின்ன பிரிட்டில் நட்சத்திரங்கள், நசாரியஸ் நத்தைகள், செரித் நத்தைகள் நல்லவை. இரண்டு மூன்று வாரம் இரவில் சிறிது தீனி மணலில் விழட்டும்.

மணல் சலிக்கும் நட்சத்திரமீன் வேண்டவே வேண்டாம். மணலைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்பார்கள், அது உண்பது நீங்கள் வளர்க்க நினைக்கும் இந்த உயிர்களைத்தான். தின்று தீர்த்ததும் பட்டினியால் சாகும். மணலை வாயில் அள்ளிச் சலிக்கும் டைமண்ட் கோபியும் அப்படியே. துறவி நண்டுகளைச் சிலவற்றோடு நிறுத்துங்கள். மணலில் புதைந்து தூங்கும் ராஸ் மீன்கள் மேல்பரப்பை மட்டுமே கலைக்கும், அவற்றால் கெடுதல் இல்லை.

11. முதல் ஆறு மாதத்தில் தெரிபவை

பழுப்பு டயட்டம் (ஒருவகை நுண்பாசி) படலம் முதல் வாரங்களில் வரும், தானே போகும். சிவப்புச் சளிப் படலம் விரிந்தால் அந்த இடத்தில் நீரோட்டம் குறைவு அல்லது தீனி அதிகம். மேலோட்டமாக உறிஞ்சி எடுத்துவிட்டுக் காரணத்தைச் சரிசெய்யுங்கள்.

கண்ணாடி ஓரத்தில் அடியிலிருந்து சிறு குமிழிகள் தெரிந்தால் பெரும்பாலும் நைட்ரஜன். அதற்காகத்தான் இவ்வளவும் செய்தோம், குச்சியால் குத்தாதீர்கள். அடியில் அங்கங்கே சாம்பல், கருந்திட்டுகள் வருவதும் இயல்பு. கருமை மேல் 2 செ.மீ.க்கு ஏறினாலோ, தொட்டியருகில் நாற்றம் வந்தாலோ மட்டும் கவலைப்பட வேண்டும். அந்த இடத்தில் செத்த மீனோ பெரிய நத்தையோ புதைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மணல் கட்டிகட்டியாக இறுகினால், கால்சியமோ சுண்ணாம்பு நீரோ மணலுக்கு அருகில் ஊற்றப்படுகிறது அல்லது காரத்தன்மை மிக உயர்ந்திருக்கிறது. ஊற்றும் இடத்தை வேகமான நீரோட்டத்துக்கு மாற்றுங்கள், மெக்னீசியத்தை 1,280 முதல் 1,350 பி.பி.எம்.க்குள் வையுங்கள்.

நைட்ரேட் இறங்குவது கடைசி அடுக்குக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தெளிவாகத் தெரியும். அதுவரை ஸ்கிம்மரையும் தண்ணீர் மாற்றுவதையும் பழையபடியே தொடருங்கள்.

12. கலைக்க நேர்ந்தால்

ஆழமாகச் சைஃபன் போடக்கூடாது. மேலே படியும் தூசியை மட்டும், அரை செ.மீ.க்கு மேல் இறங்காமல், உறிஞ்சலாம்.

தொட்டியை இடம் மாற்ற வேண்டி வந்தால் மீனையும் பவளத்தையும் முதலில் தனிக் கலனுக்கு மாற்றிவிட்டு, மேல் 2 செ.மீ. மணலை மட்டும் வித்தாக எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குங்கள். அடிமணலில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும், கலைத்தவுடன் தண்ணீரில் கரைந்து ஆக்சிஜனையும் விழுங்கும். பாறை சரிந்து படுக்கை தானாகக் கலைந்தால் உடனே காற்றுப் பம்ப்பை ஓட்டி, கார்பனைப் புதிதாக வைத்து, 30 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். மீன் மேல்மட்டத்தில் வாய் திறந்து நின்றால் காத்திருக்காமல் கலந்துவைத்த உப்புநீருக்கு மாற்றிவிடுங்கள். நாலாம் படியில் சொன்ன அந்த உப்புநீரை, படுக்கை அமைத்து முடித்த பிறகும் தயாராகவே வைத்திருங்கள்.